ஏழு பல் பினியனும் என் கணக்குத் தாளும்

அன்றைக்கு எங்கள் பனியன் கம்பெனி வாசலில், அத்தனை பேர் நடுவே, அந்த மெக்கானிக் ஏன் அப்படிச் சொன்னார்?

ஐந்து வருடமாகிறது. உலையில் அரிசி போடும்போதும் மகளுக்குத் தலை பின்னும்போதும் இந்தக் கேள்வி திடீரென்று வந்து நிற்கிறது. ஒருநாள் ஒரு பதில் சரி என்று தோன்றும். மறுநாள் அதுவே தப்பாகத் தெரியும். யார் பெயரும் போடாமல் நடந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

நான் பிறந்தது மடத்துக்குளம். உடுமலைப்பேட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் பள்ளி இறுதி வரை படித்தேன். கணக்கு நன்றாக வரும். கல்யாணமாகித் திருப்பூர் மண்ணரைக்கு வந்தபோது, வீட்டுக்குப் பின்னாலேயே நாலு இயந்திரங்களோடு பனியன் கம்பெனி இருந்தது. என் கணவரும் அவருடைய தம்பியும் நடத்தினார்கள். கணவர் நூல் வாங்குவது, சரக்கு அனுப்புவது என்று வெளிவேலை பார்ப்பார். கொழுந்தனாருக்கு உள்வேலை. வட்டமான சிலிண்டரில் நூற்றுக்கணக்கான ஊசிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி, வளைந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டுவார். கண்ணை மூடிக்கொண்டே எந்த ஊசி கெட்டது என்று சொல்லிவிடுவார்.

வந்த வருடமே ஒரு சின்னக் காரியம் நடந்தது. மூன்றாம் நம்பர் இயந்திரத்தில் ஊசி உடைந்துகொண்டே இருந்தது. வேகம் கூடுதலாக இருக்கிறது, ஆனால் எவ்வளவு குறைப்பது என்று தெரியவில்லை. நான் ஒரு நூலை எடுத்து மோட்டாரிலிருந்த, பெல்ட் ஓடும் சின்னச் சக்கரமான புல்லியையும் இயந்திரத்திலிருந்த பெரிய புல்லியையும் சுற்றி அளந்தேன். இயந்திரத்துப் புல்லி எட்டு அங்குலத்துக்குப் பதில் பத்து அங்குலம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். மாற்றினார்கள். அதற்குப்பின் ஊசி உடையவில்லை.

"பாத்தீங்களாண்ணா? நாம ஆறு மாசமா எண்ணெய ஊத்திட்டிருந்தோம். அண்ணி ஒரு மொழம் நூலுல காரியத்த முடிச்சுப்போட்டாங்க" என்றார் கொழுந்தனார்.

அதன்பிறகு வீட்டில் எந்தக் கணக்கு என்றாலும் என்னிடம் வரும். நானும் அந்த விதியை மனதில் நன்றாகப் பதித்துக்கொண்டேன்: சக்கரம் பெரிதானால் வேகம் குறையும், பலம் கூடும். மோட்டார் திணறினால் பெரிய புல்லி போடு. எங்கள் தெருவில் பனியன் ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். யாரும் இதைச் சந்தேகப்பட்டதில்லை.

லாரி அப்புறம் வந்தது.

மேட்டுப் பக்கத்தில் சலவைப் பட்டறைகள் பெருகிக்கொண்டிருந்த காலம். அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் வெளுத்தால் வெள்ளைப் பனியன் பழுப்பேறிவிடும். நொய்யல் ஓரம் பள்ளத்தில் எங்களுக்கு ஒரு துண்டு நிலமும் நல்ல தண்ணீர்க் கிணறும் இருந்தன. அந்தத் தண்ணீரை மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கணவர் நினைத்தார். மிலிட்டரி ஏலத்தில் போன பழைய லாரி ஒன்றை வாங்கினார். அதன் பின்னால் கட்டி இழுக்க, நாலு சக்கரம் வைத்த தண்ணீர் டேங்கு டிரெய்லர் ஒன்றையும் செய்தார். லாரிமேல் பீப்பாய்கள், பின்னால் டேங்கு.

கிணற்றடி முழுக்க மணல். லாரி டயர் புதைந்தது. அதே ஏலக்காரரிடம் இன்னும் பெரிய டயர்கள் இருந்தன. பழைய டயர் நின்ற உயரம் முப்பத்தாறு அங்குலம், இது நாற்பது. அகலமும் கூடுதல். கணவர் அதைப் போட்டார். மணலில் புதைவது நின்றது. ஆனால் அந்தச் சமயம் பார்த்துப் பின் ஆக்சிலுக்குள் இருந்த பல் சக்கரங்களில் இரண்டு பல் உடைந்துபோனது.

அந்தப் பல் சக்கரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் குற்றம் விளங்கும். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் ஒரு சின்னப் பல் சக்கரம், அதைப் பினியன் என்பார்கள். அது ஒரு பெரிய பல் சக்கரத்தைச் சுற்றும், அது கிரவுன். கிரவுன் சுற்றினால் டயர் சுற்றும். எங்கள் வண்டியில் பினியனுக்கு ஆறு பல், கிரவுனுக்கு முப்பத்தேழு. அதாவது டயர் ஒரு சுற்றுச் சுற்ற, தண்டு ஆறு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்ற வேண்டும். தண்டு அதிகம் சுற்றினால் இழுவை அதிகம், ஓட்டம் குறைவு. குறைவாகச் சுற்றினால் ஓட்டம் அதிகம், இழுவை குறைவு.

பழைய ஜோடி மாதிரியே இன்னொன்று கோயமுத்தூர் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கவில்லை. அந்த ஆக்சிலுக்குச் சேர்கிறதாக வேறு இரண்டு ஜோடிகள்தான் கிடைத்தன. ஒன்று ஆறு பல்லுக்கு நாற்பத்தொன்று. இன்னொன்று ஏழு பல்லுக்கு முப்பத்தேழு. இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்த மெக்கானிக்கிடம், கணவர் நூல் வாங்க ஈரோட்டுக்குக் கிளம்பும்போது, "ரெண்டுல எது சேருமோ போட்டு வெய்யி. நான் வர ரெண்டு நாளாகும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் அந்த மெக்கானிக் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். நிமிர்ந்து பார்க்காமல் பேசுவார். தெருமுனையில் ஒரு வேப்ப மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு நான் வெளியே வந்தேன். மூத்தவளுக்கு அப்போது நாலு வயது, என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மாமியார் உள்ளே முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க கணக்கெல்லாம் போடுவீங்கன்னு சின்ன மொதலாளி சொல்லுவாருங்க. ஒரு சந்தேகம், கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"கேளுங்கண்ணா."

அவர் இரண்டு ஜோடிகளையும் சொன்னார். "எனக்கென்னமோ அந்த ஆறு பல்லுதான் போடோணும்னு தோணுதுங்க. பின்னாடி டேங்கு வேற இழுக்கோணும். ஆனா ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியிலீங்க. கைக்குத் தெரியுது, வாய்க்கு வரமாட்டேங்குது."

நான் மகளின் சிலேட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் கம்பெனி தாள் ஒன்றில் பென்சிலால் சுத்தமாக எழுதினேன். முப்பத்தேழை ஆறால் வகுத்தால் ஆறே காலுக்குச் சற்றுக் குறைவு. டயர் பெரிதாகிவிட்டது, சக்கரம் பெரிதானால் பலம் கூடும், வேகம் குறையும். ஆகவே இழுவை தானாகவே கூடியிருக்கிறது, அதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. போன வேகத்தைத்தான் திரும்பப் பெற வேண்டும். அதோடு முப்பத்தாறை மேலே போட்டு நாற்பதைக் கீழே போட்டுப் பெருக்கினேன். ஐந்தரை வந்தது. ஏழு பல் ஜோடியை வகுத்தால் ஐந்தே காலுக்குச் சற்று மேலே. ஆறு பல் ஜோடியோ ஏழை நெருங்கியது. எது கிட்டத்தில் இருக்கிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"ஏழு பல்லுதாங்கண்ணா" என்றேன்.

அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கூட்டல் கழித்தல் வரும், இந்த அளவுக்கு வராது.

"டயரு பெருசானா வண்டிக்குப் பாரமாத் தெரியாதுங்களா அம்மிணி?"

"உள்ள வந்து எங்க பெல்ட்டப் பாருங்க. பெரிய புல்லி போட்டா மோட்டாருக்குப் பாரமாவா இருக்குது? லேசாத்தான இருக்குது?"

"அது நெசந்தானுங்க. படிச்சவங்க சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்" என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

உள்ளே வந்ததும் மாமியார் கேட்டார், "என்ன கண்ணு, பல்லு பல்லுங்கறான்? ஆருக்குப் பல்லு வலி?"

"வண்டிப் பல்லுங்க அத்தை."

"அதுக்கும் உங்கிட்டத்தான் வரானா" என்று சிரித்தார். அவர் கேலியாகச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

கணவர் திரும்பி வந்தபோது வண்டி தயாராக இருந்தது. டிரெய்லர் இல்லாமல் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது, "குதுரையாட்டப் பறக்குது. அந்தாளு கைகாரன்தான்" என்றார். கணக்கு என்னுடையது என்று மெக்கானிக் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. தண்ணீர் நிரம்பிய டேங்கு முதல்முறை மேடேறி ரோட்டுக்கு வரும்போது சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் சொன்னால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

அதைப் பார்ப்பதற்காகத்தான் அன்று காலை கிணற்றடிக்குப் போனேன். சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன். சாப்பாட்டைக் கம்பெனி ஆள் யாராவது கொண்டுபோயிருக்கலாம். குழந்தை இடுப்பில். மூத்தவள் முன்னால் ஓடினாள்.

கிணற்றிலிருந்து ரோட்டுக்கு ஏறும் பாதை நீளமில்லை. ஒரு தென்னந்தோப்பைச் சுற்றி வளைந்து மேலே போகும். கணவர் ஓட்டினார். கொழுந்தனார் டிரெய்லருக்குப் பின்னால் கையில் மரக்கட்டையோடு நடந்தார். மேடேறும்போது வண்டி நின்றுவிட்டால் சக்கரத்துக்கு அடியில் போடுவதற்காக. நான் கிணற்று மேட்டில் நின்றேன். மகள் பாதையின் அடியில் வேப்பம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வண்டி கிளம்பியது. பாதி மேடு வரை ஓட்டத்திலேயே போய்விட்டது. அப்புறம் எஞ்சின் சத்தம் கனத்தது. நான் கேட்டிருந்த சத்தமில்லை. உரலில் மாவு இறுகிப்போனால் குழவி திணறுமே, அந்த மாதிரி. பெரிய டயர்கள் இன்னும் ஒரு முழம் நகர்ந்தன. எஞ்சின் இருமி நின்றது.

ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். டேங்குக்குள் தண்ணீர் பின்பக்கமாகச் சாய்ந்து மோதும் சத்தம் கேட்டது. வண்டி பின்னால் வரத் தொடங்கியது.

டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. லாரியின் பிரேக்கால் இரண்டையும் பிடிக்க முடியவில்லை. டிரெய்லர் கோணலாகத் திரும்பி, மகள் நின்ற பக்கமாக இறங்கியது. அவள் மடியில் பழத்தை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கூப்பிடவில்லை, ஓடவில்லை. இடுப்பில் குழந்தை இருந்தது தெரியும், வேறு ஒன்றும் தெரியவில்லை.

கொழுந்தனார் கட்டையைப் போட்டார். அது மணலில் சறுக்கியது. ஒதுங்கியிருக்கலாம். அவர் திரும்பிக் குழந்தையைப் பார்த்தார். குனிந்து, கட்டையைக் கையாலேயே சக்கரத்துக்கு அடியில் தள்ளி அழுத்தினார். சக்கரம் கட்டைமேல் ஏறியது. டிரெய்லர் ஒரு பக்கமாகத் திரும்பித் தென்னை மரத்தில் மோதி நின்றது. டேங்கு மூடி திறந்து தண்ணீரெல்லாம் பாதையில் ஓடிவந்து என் காலை நனைத்தது. அது சிவப்பாக இருந்ததா, செம்மண் கலந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

கொழுந்தனாரைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் எடுத்துவிட்டார்கள். ஊசி தடவும் விரல்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கணவர் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தாளு தப்பான பல்லப் போட்டுட்டான். ஏறவே இல்ல. உங்கிட்ட வந்து ஏதாச்சும் கேட்டானா?"

"டயரு பெருசானதப் பத்திக் கேட்டாருங்க" என்றேன்.

பொய்யில்லை. உண்மையுமில்லை. அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து அது அவ்வளவு தயாராக வந்ததுதான் எனக்கு அதிர்ச்சி.

என் கணக்குத் தப்பு என்று அப்போதும் எனக்குத் தெரியாது. பயம் மட்டும்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் தெரிந்தது. வீட்டில் கையால் சுற்றும் ராட்டை ஒன்று இருந்தது. சிட்டம் சிட்டமாக, வளையக் கட்டுகளாக வரும் நூலைக் கட்டையில் சுற்றுவதற்கு. மனம் நிற்காததால் அதை எடுத்து வைத்துச் சுற்றினேன். ஆரம்பத்தில் கட்டை மெலிதாக இருக்கும், கைக்கு லேசாகச் சுற்றும். நூல் ஏற ஏறக் கட்டை பருக்கும், ஒரு சுற்றுக்கு அதிக நூலை இழுக்கும், கை கனக்கும். எத்தனை வருடமாகச் சுற்றுகிறேன். கட்டை பருத்தால் கை வலிக்கும் என்பது எனக்குத் தெரியாததா?

என் கை அப்படியே நின்றுவிட்டது.

டயர் என்பது பெல்ட் வந்து சுற்றுகிற புல்லி இல்லை. அது நூலை இழுக்கிற கட்டை. ரோடுதான் நூல். டயர் பருத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிக ரோட்டை இழுக்க வேண்டும். எஞ்சினுக்குப் பாரம் கூடும். இழுவை கூடவில்லை, குறைந்துபோயிருந்தது. அந்தப் போன இழுவையை ஆறு பல் ஜோடி அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கும். நாற்பதை மேலே போட்டு முப்பத்தாறைக் கீழே போட்டுச் சிலேட்டில் பெருக்கினேன். ஏழுக்குச் சற்றுக் குறைவு. நாற்பத்தொன்றை ஆறால் வகுத்தாலும் ஏழுக்குச் சற்றுக் குறைவு. ஒரு நூலிழைதான் வித்தியாசம். மேலே இருக்க வேண்டியதைக் கீழே போட்டு, ஏற்கெனவே குறைந்த இழுவையை நான் இன்னும் குறைத்திருக்கிறேன். படிக்காத மனிதரின் கைக்குத் தெரிந்தது, என் கைக்கும் தெரிந்ததுதான். தாளுக்குத் தெரியவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கணவர் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நாளைக்குச் சொல்லலாம்.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் கூடிவிட்டார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள், லாரி வைத்திருப்பவர்கள், உறவினர்களில் பெரியவர் ஒருவர். மெக்கானிக்கைக் கூப்பிட்டு நடுவில் நிற்கவைத்திருந்தார்கள். நான் கதவோரம் குழந்தையோடு நின்றேன். அவருடைய சட்டைப் பையில் நாலாக மடித்த தாளின் நுனி தெரிந்தது.

அந்தப் பெரியவர் கேட்டார், "ஏப்பா, இழுக்கற வண்டிக்கு ஓடற வண்டிப் பல்ல எதுக்குப் போட்ட?"



"பல்லு எண்ணத் தெரியாதாக்கும்" என்றார் ஒரு லாரிக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆரயாச்சும் கேட்டுப் போட்டயா, இல்ல நீயா போட்டயா? அதச் சொல்லு" என்றார் என் கணவர். கோபமில்லை. தம்பியின் கையைப் பார்த்துவிட்டு வந்த குரல்.

இப்போது அவர் தாளை எடுப்பார். எடுத்தால், ஆமாம், என் எழுத்துதான் என்று முன்னால் வந்துவிட வேண்டும் என்று ஒரு காலை எடுத்து வைத்தேன். சத்தியமாக எடுத்து வைத்தேன்.

"ஆரையும் கேக்கலீங்க. நானாப் போட்டதுதானுங்க. தப்பு என்னுதுதானுங்க" என்றார் அவர்.

யாரோ என்னவோ பேசினார்கள். இனி இந்த ஆளிடம் வண்டி விடக்கூடாது என்று ஒருவர் சொன்னது மட்டும் கேட்டது. எடுத்துவைத்த கால் அங்கேயே இருந்தது. குழந்தை அழுதது, அதனால் உள்ளே போய்விட்டேன் என்று எழுத ஆசைதான். குழந்தை அழவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது.

போகும்போது அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்த என் மகளிடம் குனிந்தார். பையிலிருந்த தாளை அவள் கையில் வைத்தார். "அம்மாகிட்டக் குடு கண்ணு" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஆறு பல் ஜோடியைப் போட்டார்கள். டேங்கு நிரம்ப அதே மேட்டில் வண்டி ஏறியது. "பாத்தியா, ஒண்ணுமில்லாத காரியம்" என்றார் கணவர். தெருமுனைக் கொட்டகைக்கு வண்டிகள் வருவது நின்றது. "பல்லெண்ணி" என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். அந்த வழியாகப் போகிற லாரிக்காரர்கள் பல்லைக் காட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் எண்ணுவார்கள். ஆறு மாதத்தில் கொட்டகையைப் பிரித்துவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். எங்கே என்று நான் யாரையும் கேட்கவில்லை.

கொழுந்தனார் இடது கையால் ஊசி மாட்டப் பழகிக்கொண்டார். முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்த சிலிண்டருக்கு இப்போது அரை நாளாகிறது. அவர் என் மகளைத் தூக்கிக் கொஞ்சும்போது, "உனக்கு என்ர ரெண்டு வெரலக் குடுத்திருக்கறன், நல்லாப் படிக்கோணும், உங்கம்மாவாட்டக் கணக்குல கெட்டிக்காரியாகோணும்" என்பார். விளையாட்டாகத்தான் சொல்வார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன தை மாதம் மடத்துக்குளத்தில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கரும்புக் காட்டில் ஆயில் எஞ்சின் நின்றுவிட்டது, ஆள் வந்திருக்கிறார், மோர் கொடுத்துவிட்டு வா என்று அம்மா சொன்னாள். சொம்போடு போனேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர் நிமிர்ந்தார். தலை நரைத்திருந்தது.

"அம்மிணிங்களா? நல்லா இருக்கீங்களா? சின்ன மொதலாளி கை எப்புடீங்க இருக்குது?"

"பரவாயில்லீங்கண்ணா. எடது கையில வேலை செய்யறாரு."

"புள்ள எத்தனாவது படிக்குது?"

"நாலாவது." "அண்ணா, அந்தத் தாளு... அன்னிக்கி நீங்க..."

"இங்க பம்புசெட்டு, ஆயில் எஞ்சினு, இதுதானுங்க பாக்கறேன்" என்றார் அவர், நான் பேசியதே கேட்காத மாதிரி. "இதுல பல்லுக்கில்லு ஒண்ணுமில்லீங்க." சிரித்தார். மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் துடைத்து மண்ணில் வைத்தார். வீட்டுப் பெண்ணின் கையில் நேராகக் கொடுக்கக்கூடாது என்கிற மரியாதை.

ஊர்ப் பேச்சில் ஒரு குடும்பப் பெண்ணின் பெயரை இழுக்கக்கூடாது என்றுதான் அன்று அப்படிச் சொன்னாரா? அல்லது, ஒரு பெண் போட்ட கணக்கைக் கேட்டு வண்டியில் பல் மாட்டினேன் என்று அத்தனை ஆண்கள் முன்னால் சொல்ல வெட்கப்பட்டாரா? தன் கைக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுத் தாளை நம்பியது தன் தப்பு என்று மெய்யாகவே நினைத்தாரா? முதலாவது என்றால் நான் அவர் காலில் விழ வேண்டும். இரண்டாவது என்றால் நான் சொல்வது அவரை இன்னொருமுறை எல்லோர் முன்னாலும் சிறுமைப்படுத்தும். மூன்றாவது என்றால் என்ன செய்வது என்றே தெரியவில்லை.

தாள் என் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. முப்பத்தாறு மேலே, நாற்பது கீழே. பென்சில் எழுத்து மங்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்கிறேன். கணவரிடமும் கொழுந்தனாரிடமும் தாளைக் காட்டிவிடலாமா? காட்டினால், என் மகளுக்காகக் கையைக் கொடுத்தவர் இனி அவளை எப்படிக் கொஞ்சுவார் என்று பயமாக இருக்கிறது. காட்டாவிட்டால், மண்ணரையில் அந்த மனிதரின் பெயர் கடைசி வரை பல்லெண்ணியாகவே இருக்கும். முதலில் மடத்துக்குளம் போய் அவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா? அவர் வேண்டாம் என்று சொன்னால் அதைக் கேட்பதா, மீறுவதா? நான் இரண்டு பக்கமும் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். என் கணக்கை நானே நம்ப முடியவில்லை. உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ, அதை எழுதுங்கள்.